நாலு பெட்டி பாசஞ்சர்

காலை ஐந்து ஐம்பதுக்குப் பால் பாக்கெட்டை வைப்பதற்காக ஃபிரிட்ஜைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது கதவில் இருக்கும் முட்டைத் தட்டு. ஆறு குழிகளில் மூன்றில் கண்ணாடிக் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைப்பு, அதன் மேல் அலுமினியத் தாள். எங்கள் வீட்டில் முட்டை வாங்குவதில்லை.

இரண்டு குழாய்கள் நான் போட்டவை. உள்ளே சாய்வாக உறைந்த கூழின் மேல் இலவம்பஞ்சு போல வெள்ளையாக ஒன்று படர்ந்திருந்தது. மூன்றாவது என் மனைவி போட்டது. அதில் பாதிக்கு மேல் நிறமற்ற எண்ணெய். எண்ணெய்க்கு அடியில் கரும்பச்சையாக ஒரு படிவு. வெளியே ஒட்டிய பிளாஸ்திரியில் அவள் கையெழுத்தில் ‘தொடாதீங்க’ என்று இருந்தது. நான் தொட்டதில்லை. ஃபிரிட்ஜைத் துடைக்கும் நாட்களில்கூடத் தட்டோடு எடுத்து, தட்டோடு வைப்பேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு அவளுடைய பழைய மாணவி வருவதாகச் சொல்லியிருந்தார். துறையூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இப்போது அவரும் தாவரவியல் ஆசிரியை. வருவது இந்தக் குழாய்களைப் பார்க்கத்தான்.

என் மனைவி தாவரவியல் நடத்தினாள். பூஞ்சைகள்தான் அவளுடைய துறை. வெள்ளிக்கிழமைகளில் கல்லூரி முடிந்ததும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய், சேவித்துவிட்டு, அம்மா மண்டபம் சாலையில் இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு புத்தூர் வீட்டுக்குத் திரும்புவாள். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பூவில் கொஞ்சத்தைக் கைப்பையில் மறந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துப் பையைத் திறந்தபோது பூ அழுகிக் கரைந்துபோய், கட்டிய வாழைநார் மட்டும் மிஞ்சியிருந்தது. நாரின் மேல் வெல்வெட் துணி போலக் கறுப்பாக ஏதோ பூத்திருந்தது. வேறு யாராவது பையைக் கவிழ்த்துத் தட்டிக் கழுவியிருப்பார்கள். அவள் ஒரு காகிதத்தில் நாரைச் சுற்றிக் கல்லூரிக்கு எடுத்துப் போனாள்.

நான் அப்போது பத்திரிகையில் செய்திப் பிரிவில் இருந்தேன். பதிப்பு முடிக்கும் நேரத்தில் அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

“ஏங்க, நாலு பெட்டி ரயில் மாதிரி இருக்குங்க. நடுவுல ரெண்டு பெட்டி கறுப்பு. முனையில ரெண்டும் வெளுப்பு. கடைசிப் பெட்டியில வால் வேற!”

“எந்த ட்ரெயின்? எங்க தடம் புரண்டுச்சு?” என்றேன். பேனாவைத் திறந்துவிட்டிருந்தேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னது மைக்ராஸ்கோப்பில் தெரிந்த வித்துகளைப் பற்றி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பூஞ்சைக்குப் பாசஞ்சர் என்று பெயர். ‘பாசஞ்சர் எப்படி இருக்கு?’ என்று நான் கேட்பேன். ‘லேட்டாத்தான் ஓடுது’ என்பாள். மெதுவாக வளரும் இனம் அது.

அந்த வால்தான் விஷயம் என்றாள். நாலு அறை வித்துள்ள பூஞ்சைகள் பல உண்டாம். வால் உள்ளது எந்த நூலிலும் இல்லை. புதிய இனம் என்று அவளுக்கு ஏறக்குறைய உறுதி. ஆனாலும் ஒரே ஒரு நாரிலிருந்து கிடைத்ததை வைத்து எழுத அவளுக்கு மனம் வரவில்லை. இன்னொரு முறை கிடைக்கட்டும் என்றாள். அதற்கப்புறம் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் பூக்கடை வாசல்களில் உதிர்ந்த நாரைப் பொறுக்கி உறைகளில் போட்டு வந்தாள். அம்மா மண்டபம் சாலையில் அவளுக்கு ‘நார் டீச்சர்’ என்று பெயர் விழுந்தது. பச்சையும் மஞ்சளுமாக எத்தனையோ பூஞ்சணங்கள் வளர்ந்தன. பாசஞ்சர் மறுபடி வரவில்லை. கிடைத்த அந்த ஒன்றை உருளைக்கிழங்குக் கூழில் பிரித்து வளர்த்து, காய்வதற்குள் புதுக் குழாய்க்கு மாற்றி மாற்றி உயிரோடு வைத்திருந்தாள். ஒரு கண்ணாடித் தட்டில் வளர்ந்ததை மட்டும் கூழோடு உலர்த்தி, காகித உறையில் போட்டுக் கல்லூரி அலமாரியில் வைத்தாள்.

“பேர் வைக்கணும்னா அதுதான் வேணும்” என்றாள்.

“செத்ததா? இங்க உயிரோட ஒண்ணு இருக்கே.”

“உயிரோட இருக்கறதை ஆதாரமா வைக்கக் கூடாதுங்க. இந்தப் பேர் எதுக்குன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா, இதோ இதுக்குன்னு எடுத்துக் காட்டணும். அது அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கணும். உயிர் இருந்தா மாறிக்கிட்டே இருக்குமே. கல்யாண ஆல்பத்துல இருக்கற ஆளா நீங்க இப்ப?”

“நீ மட்டும்?”

“அதைத்தான் சொல்றேன்.”

பெயரையும் முடிவு செய்து வைத்திருந்தாள். ஆள் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம், நாரில் கிடைத்தது, நார் என்று பொருள் வருகிற மாதிரி லத்தீனில் இருந்தால் போதும் என்றாள்.

உடம்பு முடியாமல் அவள் விடுப்பில் இருந்தபோது துறையில் இருந்த ஃபிரிட்ஜ் கெட்டது. குழாய்களை வீட்டுக்கு வரவழைத்தாள். அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதனால் மாற்றும் வேலையை எனக்குக் காட்டிக் கொடுத்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, கடல்பாசி போட்டுக் காய்ச்ச வேண்டும். கடல்பாசி பெரிய கடைவீதியில் கிடைக்கும். நோன்பு மாதத்தில் இனிப்புச் செய்ய வாங்குவார்கள். நான் மற்ற மாதங்களிலும் போய் நின்றதால் கடைக்கார பாய், “சார் வீட்ல வருஷம் முழுக்க நோம்பா?” என்று கேட்டார். கூழைக் குழாய்களில் ஊற்றிப் பஞ்சடைத்துக் குக்கரில் வைத்து எடுத்து, சாய்த்து ஆறவிட வேண்டும். பிறகு ஜன்னல்களை மூட வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். திருச்சி வெயிலில் அது சும்மா இல்லை. கேஸ் அடுப்பின் தீயில் ஊசியைச் சிவக்கக் காட்டி, ஆறியதும் பழைய குழாயிலிருந்து குண்டூசித் தலையளவு எடுத்துப் புதியதில் வைக்க வேண்டும்.

அவள் என் இடப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளையா இருக்கற ஓரத்துலேர்ந்து எடுங்க. கறுப்பா எது தெரிஞ்சாலும் விட்டுடுங்க. சமையக்கட்டுக் காத்துல கறுப்புப் பூஞ்சணம் ஏகப்பட்டது இருக்கும். உங்களுக்கு எது நம்மது, எது வெளியாளுன்னு தெரியாது.”

அந்த மூன்றாவது குழாயை மட்டும் நடுங்கும் கையோடு அவளே போட்டாள். அதன் மேல் ஊற்ற மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கி வரச் சொன்னாள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “யாருக்கு சார் மலச்சிக்கல்?” என்று விசாரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். “பாசஞ்சருக்குன்னு சொல்லியிருக்கலாமே” என்றாள். எண்ணெய்க்கு அடியில் காற்றுக் குறையும், அது மெதுவாக மூச்சுவிடும், வருஷக்கணக்கில் தாங்கும் என்று சொன்னாள். ஃபிரிட்ஜில் வைப்பதற்கு முன் பிளாஸ்திரியைக் கிழித்து எழுதி ஒட்டினாள்.

அந்த ஆடியில் இறந்துபோனாள். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. பாலத்தில் நின்று பார்க்க ஊரே போய்க்கொண்டிருந்தது.

மாற்றும் வேலையை நான் விடவில்லை. கூழ் காயத் தொடங்கும்போது கடல்பாசி வாங்குவேன், ஜன்னல்களை மூடுவேன். அடுப்பின் முன்னால் நிற்கும்போது இடப்பக்கம் ஒரு நாற்காலி அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறேன் என்பதை ஒரு நாள் கவனித்தேன். அதனால் வலது தோள் சுவரில் இடிக்கும். நகர்ந்து நிற்கவில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் நானும் அவளோடு ஸ்ரீரங்கம் போவதுண்டு; அது மட்டும் நின்றுபோயிற்று.

மாணவி முந்தின வாரம் ஃபோனில் சொன்ன விஷயம் இது. மேடம் தொடங்கியதை அவர் எழுதி முடிக்க நினைத்திருக்கிறார். கல்லூரிக்குப் போய் அலமாரியைத் திறந்தால் உறை இருந்தது. உள்ளே உலர்த்திய பூஞ்சை இல்லை. பூச்சி அரித்துத் தூளாகியிருந்தது. மிச்சம் இருப்பது எங்கள் வீட்டில் இருப்பதுதான். அதிலிருந்து ஒரு தட்டை வளர்த்து, உலர்த்தி, அதையே ஆதாரமாக வைத்துப் பெயரிடலாம். முறைப்படி அதில் தவறில்லை.

சொன்னபடி வந்தார். தோளில் ஒரு பெட்டி. அதற்குள் சின்ன மைக்ராஸ்கோப். என் இரண்டு குழாய்களையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க சார்” என்றார். அதில் பாராட்டு இல்லை என்பது உடனே தெரிந்தது.

துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நகர்த்தினார். மறுபடி பார்த்தார்.

“வெறும் இழைதான் சார். வித்தே இல்ல.” நிமிர்ந்தார். “மாத்தும்போது எங்கேர்ந்து எடுப்பீங்க?”

“வெள்ளை ஓரத்துலேர்ந்து.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே. அவ அப்படித்தான் சொன்னா.”

அவர் குழாயின் பஞ்சைச் சரிசெய்தார்.

“கறுப்புதான் சார் வித்து. மேடம் உங்களுக்கு அன்னிக்கு சொன்னது சரிதான், வேற எதுவும் கலந்துடக் கூடாதேன்னு சொல்லியிருக்காங்க. அதையே ஒவ்வொரு தடவையும் செஞ்சா, வித்து வைக்காத பகுதி மட்டும் அடுத்த குழாய்க்குப் போகும். அப்படியே போய்ப் போய் வித்து வைக்கறதையே விட்டுடும். பெரிய லேப்லயும் நடக்கறதுதான்.”

“அப்ப இது வேற ஆயிடுச்சா?”

“இல்ல சார். டி.என்.ஏ. பாத்தா அதேதான் வரும். ஆனா வித்து இல்லாம நான் என்னத்தை விவரிக்கறது? வால் இருக்குன்னு எதை வெச்சு எழுதறது?”

பத்திரிகையில் என் வேலை மற்றவர்கள் எழுதியதில் பிசிறை எடுப்பது. முதல் சில மாதங்களில் அந்த வெள்ளையின் நடுவே கரும்புள்ளிகள் தெரிந்தது ஞாபகம் வந்தது. ஒதுக்கி ஒதுக்கி எடுத்தேன். பிறகு புள்ளி வருவது நின்றது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பார்வை மூன்றாவது குழாய்க்குப் போயிருந்தது. பிளாஸ்திரியைப் படித்தார். கேட்கத் தயங்கினார்.

“அதைத் திறக்கணும்” என்றேன் நான்.

“ஆமாம் சார். அது மேடம் கையால போட்டது. எண்ணெய்க்கு அடியில அதிகமா வளர்ந்திருக்காது, மாறியிருக்காது. அதுல இருந்தாத்தான் உண்டு.”

“உயிர் இருக்குமா?”

“இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எடுத்து வளர்த்துப் பாத்தாத்தான் தெரியும்.”

திறக்காதவரை அது உயிரோடு இருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். யாரும் மறுக்க முடியாது. திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் அவள் கையால் வைத்தது எதுவும் இந்த உலகத்தில் வளர்ந்துகொண்டிருக்காது. திறக்காவிட்டால், அவள் இத்தனை வெள்ளிக்கிழமைகள் தேடியதற்குப் பெயர் கிடையாது. காபி போடுகிறேன் என்று எழுந்தேன். டிகாக்‌ஷன் இறங்க நேரமாயிற்று. காபியைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்தேன். பிறகு ஜன்னல்களை மூடி, ஃபேனை நிறுத்தினேன்.

அவர் அடுப்பின் முன்னால் நேராகப் போய் நின்றார், இடப்பக்கத்தில். நான் சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். பிளாஸ்திரி கிழியாமல் பஞ்சை உருவினார். நீண்ட ஊசியை எண்ணெய்க்குள் இறக்கி, கரும்பச்சைப் படிவு முழுவதையும் பொட்டுப் பொட்டாக எடுத்து, எண்ணெய் வடியவிட்டு, கொண்டு வந்திருந்த தட்டுகளில் வைத்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதைக்கூட அவர் துடைக்கவில்லை.

“நார் வேணும் சார்” என்றார், ஃபேனைப் போட்டதும். “வளர்ந்துச்சுன்னா கூழ் மேல வேகவெச்ச நாரை வெச்சுப் பாக்கணும். பழகின இடம் கிடைச்சா சிலது வித்து வைக்கும்.”

அப்படித்தான் அன்று மாலை நான் மறுபடி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். மாணவி ஜன்னல் ஓரத்தில் தட்டுகள் இருந்த பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பாலத்தில் கூட்டம் இல்லை. ஆற்றில் மணல் தெரிந்தது.

அம்மா மண்டபம் சாலையில் அவள் வாங்கும் கடையில் இப்போது வேறு பெண் இருந்தார். தண்ணீர் வாளியில் நார்க் கட்டு ஊறிக்கொண்டிருந்தது.

“நார் கொஞ்சம் வேணும்மா” என்றேன்.

“எந்தப் பூவு சார்?”

“பூ வேண்டாம். நார் மட்டும்.”

“நார் மட்டுமா?” பக்கத்துக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “அக்கா, இங்க பாரு, சாருக்குப் பூவு வேணாமாம், நாரு போதுமாம்!”

“வீட்லயே கட்டிப் பாக்கறாரு போல” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “ரிட்டயர்டு ஆனா எல்லாம் வரும்.”

“விக்கறதில்ல சார். நீங்க பூவு வாங்குங்க, நாரு நான் சும்மாவே தரேன். எவ்வளவு?”

“ரெண்டு முழம்” என்றேன். கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

அளந்து நறுக்கினார். என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, “பொண்ணுங்களா? திரும்புமா, வெச்சு விடறேன்” என்றார். மாணவி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்றார். ஒரு முழம் அவர் தலைக்குப் போயிற்று. ஊறிய நாரில் ஒரு பிடியை வாழை இலையில் மடித்து அவரிடம் கொடுத்தார் பூக்காரப் பெண். மிச்சம் ஒரு முழம் என் கையில் இருந்தது. படத்துக்குப் பூப் போடுவது என் மனைவிக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்து, அதை முட்டைத் தட்டில் காலியாக இருந்த குழி ஒன்றில் சுருட்டி வைத்தேன். ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் வாசனை வந்தது. வாடிய பிறகும் கொஞ்ச நாள் எடுக்கவில்லை.

துறையூரிலிருந்து முதலில் வந்த செய்தி நன்றாக இல்லை. ஒரு தட்டில் ஒன்றும் வரவில்லை. இன்னொன்றில் வேறு ஏதோ பச்சையாகப் புகுந்துவிட்டது. கடைசித் தட்டில் எண்ணெய்ப் பொட்டின் ஓரத்திலிருந்து ஓர் இழை கிளம்பியிருப்பதாக ஒரு நாள் சொன்னார். அடுத்த வாரம் கேட்டபோது, “லேட்டாத்தான் சார் வருது” என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காமல் அதே சொல்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது வாட்ஸப்பில் படம் வந்தது. நாரின் மேல் கறுப்பாக வெல்வெட். அடுத்த படம் மைக்ராஸ்கோப் வழியாக எடுத்தது. நாலு பெட்டி. நடுவில் இரண்டு கறுப்பு, முனையில் இரண்டு வெளுப்பு. கடைசிப் பெட்டியில் வால்.

இடக்கையால் ‘எந்த ட்ரெயின்?’ என்று தட்டி அனுப்பினேன்.

‘சார்?’ என்று பதில் வந்தது.

‘ஒன்றுமில்லை. நல்ல செய்தி’ என்று எழுதினேன். சோறு ஆறிப்போயிருந்தது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

அந்தத் தட்டில் வளர்ந்ததை அவர் வரைந்தார், அளந்தார், படம் எடுத்தார். பிறகு மெல்லிய சூட்டில் உலர்த்தினார். நான் துறையூர் போய்ப் பார்த்தேன். அப்பளம் போல மெலிந்திருந்தது. ஓரம் சுருண்டு, நார் மட்டும் மேடாகத் தெரிந்தது. இனி வளராது, மாறாது. பூச்சி வராத பெட்டியில், உறைக்குள் உறையாக வைத்தார். பெயர் இதற்குத்தான் என்றார். இதிலிருந்து முன்கூட்டியே எடுத்து வளர்த்த உயிருள்ளவற்றை வேறு ஊர்களில் இருக்கும் சேகரிப்புகளுக்கு அனுப்பியிருந்தார். அவற்றையும் இதே பெயரால் அழைப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்ப்பது இந்த உறையைத்தான்.

கட்டுரை வெளிவந்தது. பழக்க தோஷத்தில் பேனாவோடுதான் படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை. நார் என்று பொருள்படும் பெயர். சேகரித்தவர் என்ற இடத்தில் அவள். சேகரித்த இடம், ஸ்ரீரங்கம். கைப்பை என்று எங்கும் இல்லை.

எண்ணெய்க் குழாய் பிளாஸ்திரியோடு அதே குழியில் நிற்கிறது. அதில் இப்போது எண்ணெய் மட்டும்தான் இருக்கிறது என்று மாணவி சொன்னார். என் வெள்ளைக் குழாய்களை அவர் கேட்டு எடுத்துப் போனார். மாறிப்போனதும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுமாம். பதிலுக்கு நாரில் வளர்ந்ததிலிருந்து ஒரு குழாய் போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார். “நீங்க வெச்சுக்குங்க சார்” என்றார். எப்படி எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் கூழ் காயத் தொடங்கியது. கடல்பாசி வாங்கி வந்தேன். ஜன்னல்களை மூடி, ஃபேனை நிறுத்தி, அடுப்பைப் பற்றவைத்தேன். வலது தோள் சுவரில் இடித்தது. ஊசி ஆறியதும், கறுப்பிலிருந்து எடுத்தேன்.